ஆற்றில் மீன்பிடிக்க கயாக்கா, கனூவா, இறங்கி நிற்பதா: புதிதாக வருபவர்களுக்கு

கரையில் நின்று தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கரை போதாமல் போய்விடும். எதிர்ப்பக்கம் மரநிழலில் மீன் மேலே வந்து வாய் வைப்பது கண்ணுக்குத் தெரியும், எவ்வளவு வீசினாலும் அங்கே எட்டாது. அப்போதுதான் கயாக் (பெரும்பாலும் ஒருவர் ஓட்டும் சிறு துடுப்புப் படகு) வாங்கலாமா, கனூ (மேலே திறந்த, நீளமான துடுப்புப் படகு) வாங்கலாமா, இல்லை தண்ணீரில் இறங்கி நின்றே பிடிக்கலாமா என்று தேட ஆரம்பிப்போம். நான் தேடியபோது ஏரியில் ஓட்டுபவர் ஒன்று சொன்னார், கடலில் ஓட்டுபவர் வேறொன்று சொன்னார், விற்பவர்கள் கையில் இருப்பதையே சிறந்தது என்றார்கள். ஆற்றுக்கென்று வரிசையாகச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. ஓடுகிற தண்ணீரில் எல்லாக் கணக்கும் மாறிவிடும் என்பதால், எந்த வரிசையில் முடிவெடுத்தால் பணமும் நேரமும் வீணாகாது என்று இங்கே எழுதுகிறேன்.

1. படகைப் பார்க்கும் முன் ஆற்றை அளந்து பாருங்கள்

நீங்கள் அடிக்கடி போகப்போகிற ஆற்றின் ஒரு பகுதியை, ஐந்தாறு கிலோமீட்டர் போதும், கரையோடு நடந்து பாருங்கள். ஆழம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு வேகம், எங்கெங்கே கரையில் இறங்கி ஏற முடியும், குறுக்கே தடுப்பணையோ விழுந்த மரமோ இருக்கிறதா, இவ்வளவுதான் தெரிய வேண்டும்.

வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். கரையில் 30 அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு மேல்முனையில் ஒரு குச்சியைப் போடுங்கள். பத்து வினாடியில் கடந்தால் வினாடிக்கு 3 அடி. அதை ஆழத்தோடு பெருக்குங்கள். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையில் ஆற்றில் இறங்கி அளவெடுக்கும் பணியாளர்களுக்கு ஒரு விதி உண்டு: அடியில் சொன்ன ஆழமும் வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகமும் பெருக்கி 10 வந்தால் இறங்கக் கூடாது. தொடை அளவு, அதாவது இரண்டரை அடி ஆழத்தில் 4 அடி வேகம் வந்தாலே அந்தப் பத்து வந்துவிடுகிறது. அது தினமும் ஆற்றில் இறங்குபவர்களுக்கான எல்லை. புதியவர்கள் ஐந்து, ஆறோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாசி படிந்த பாறைத் தரை என்றால் இன்னும் குறையுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அதனால் 'கொஞ்சம் வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதானே' என்று நினைக்க வேண்டாம்.

தடுப்பணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரு கோடு போலத்தான் தெரியும், ஆபத்து தெரியாது. ஆனால் அதன் அடியில் தண்ணீர் திரும்பித் திரும்பி அணையை நோக்கியே உருளும், விழுந்த ஆளையும் படகையும் வெளியே விடாது. உயரம் மூன்றடிதான் என்றாலும் தாண்டிப் பார்க்காதீர்கள். அதற்கு முன்னால் எங்கே கரையேற வேண்டும் என்பதை நடந்து போகும்போதே அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. மூன்றில் எது உங்களுக்கு

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முழங்காலிலிருந்து தொடை வரை ஆழம், கூழாங்கல் தரை, துள்ளி ஓடும் தண்ணீர் என்றால் இறங்கி நிற்பதை எந்தப் படகாலும் ஈடுகட்ட முடியாது. இரண்டு கையும் உங்களிடம் இருக்கும், நின்ற இடம் நகராது, ஒரே பாறைக்குப் பின்னால் பத்து முறை வெவ்வேறு கோணத்தில் வீசலாம். கயாக்கில் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒன்றோ இரண்டோ வீச்சுதான் கிடைக்கும். நடந்து எட்டும் தூரம் குறைவு என்பதும், நடுவில் ஓர் ஆழமான மடு வந்தால் அதோடு வழி முடிந்தது என்பதும்தான் இதன் குறை.

ஆழமான, மெதுவாக ஓடும் ஆறு, கரையெல்லாம் புதர் என்றால் கயாக். தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் மீனுக்கு உங்கள் உருவம் அவ்வளவாகத் தெரியாது, காற்றும் அதிகம் பிடிக்காது. ஆளும் சாமானும் ஏறிய பிறகும் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் மிதந்துவிடும், தனி ஆளாகவே ஏற்றி இறக்கலாம். ஆனால் ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மீன் மாட்டிய நொடியில் இரண்டு கையும் தூண்டிலுக்குப் போய்விடும், துடுப்புக்குக் கை இருக்காது. நான்கைந்து வினாடியில் படகு ஓட்டத்துக்குக் குறுக்கே திரும்பிவிடும். வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும் ஆற்றில் மீனைக் கொண்டுவர ஒரு நிமிடம் ஆனால், நீங்கள் 60 மீட்டர் கீழே போயிருப்பீர்கள். அந்த 60 மீட்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வீச வேண்டும். கயாக்கில் ஆற்று மீன்பிடிப்பின் பெரும் பகுதி இந்தப் பழக்கம்தான்.

கனூ, இரண்டு பேருக்கானது. ஒருவர் துடுப்பைப் பார்த்துக்கொள்ள மற்றவர் நிம்மதியாக வீசலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதி கயாக்கில் கிடையாது. கரையில் கூடாரம் போட்டு இரவு தங்கும் பயணம், நிறைய சாமான், கூடவே ஒரு பிள்ளை என்றால் யோசிக்காமல் கனூ எடுங்கள். 15, 16 அடிப் படகில் இரண்டு பேரும் இரண்டு நாள் மூட்டையும் தாராளமாக அடங்கும். ஆனால் தனியாக ஓட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு காற்றுக்குப் படகு சுற்றும். இரண்டு முனையும் ஒரே வடிவில் உள்ள கனூ என்றால், முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து படகின் பின்முனை முன்னால் போகும்படி ஓட்டுங்கள், எடை நடுவுக்கு நெருங்கி வரும். இன்னொன்று, கனூ திறந்த படகு. தண்ணீர் நிறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டலாம், ஓடும் ஆற்றில் அதை ஒருவர் பிடித்து நிறுத்த முடியாது. அதனால் ஓட்டம் உள்ள ஆற்றுக்கு இரு முனையிலும் காற்றுப்பைகள் கட்டுவது அவசியம்.

என் கருத்தைக் கேட்டால், பெரும்பாலான ஆற்றுத் தூண்டில்காரர்களுக்கு ஏற்றது இரண்டும் சேர்ந்ததுதான்: கயாக்கில் போய், நல்ல இடம் வந்ததும் கரையிலோ மணல்திட்டிலோ படகை ஏற்றிவைத்து, இறங்கி நின்று பிடிப்பது. யாரும் நடந்து எட்டாத இடத்துக்குப் படகு கொண்டுபோய் விடும், அங்கே இரண்டு கையோடு பிடிக்கலாம். ஆழமான பகுதியை மட்டும் படகிலிருந்தே பாருங்கள். இப்படி முடிவெடுத்துவிட்டால் படகில் வேண்டிய வசதிகளின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும், செலவும்தான்.

3. காகிதங்கள்: மூன்று அனுமதிகள், மூன்று வெவ்வேறு கேள்விகள்

மீன்பிடி உரிமம் இருந்தால் போதும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். அந்தத் தண்ணீரில் மீன் பிடிக்கலாமா, அந்தத் தண்ணீரில் படகு விடலாமா, அந்தக் கரையில் கால் வைக்கலாமா என்பவை தனித்தனிக் கேள்விகள். பல ஊர்களில் மூன்றுக்கும் பதில் சொல்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆற்றின் மேல் மிதந்து போக உரிமை இருக்கும், ஆனால் அடித்தரை தனியாருடையது என்பதால் நங்கூரம் போடவோ இறங்கி நிற்கவோ கூடாது என்று சட்டம் உள்ள இடங்களும் உண்டு. இறங்கி நின்று பிடிப்பவர்களுக்கு இது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கையால் துடுப்பு போடும் படகுக்குப் பதிவு தேவையில்லாத இடங்கள் நிறைய. ஆனால் அதே கயாக்கில் ஒரு சிறிய மின்மோட்டாரைப் பொருத்தினால் அது மோட்டார் படகாகிப் பதிவு எண் கேட்கக்கூடும். மோட்டார் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். மோட்டார் இல்லாவிட்டாலும் நீர்வழிக் கட்டணமோ, படகைச் சுத்தம் செய்ததற்கான சான்று வில்லையோ கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

நடைமுறையில் இதற்கு ஒரு வரிசை: முதலில் மீன்வளத் துறையின் விதிப் புத்தகத்தைப் படியுங்கள், அதில் உரிமம், பிடிக்கத் தடையுள்ள மாதங்கள், அளவு வரம்பு எல்லாம் இருக்கும். அடுத்து அந்த ஆற்றை நிர்வகிக்கும் அலுவலகம். கடைசியாகக் கரை நிலத்தின் உரிமையாளர். நேரில் போய்க் கேட்டால் பலர் சரி என்றே சொல்வார்கள், ஆனால் வாகனத்தை எங்கே நிறுத்தலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. பதில் எழுத்தில் கிடைத்தால் போனில் படம் எடுத்து வையுங்கள், ஆற்றோரம் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். விண்ணப்பம் எல்லாவற்றையும் சீசன் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே போடுங்கள், சீசன் தொடங்கிய வாரத்தில் எல்லோரும் அதே வரிசையில் நிற்பார்கள்.

4. செலவு: படகின் விலை மொத்த விலை அல்ல

இறங்கி நிற்பதற்குத்தான் செலவு மிகக் குறைவு. வெதுவெதுப்பான தண்ணீரில் வேடர்ஸ் எனப்படும் நீர்புகாக் கால்சட்டை கூட வேண்டாம், சீக்கிரம் காயும் கால்சட்டையும் நல்ல காலணியும் போதும். குளிர்ந்த ஆற்றுக்கு மார்பு வரை வரும் வேடர்ஸ், இடுப்பில் இறுக்கும் பெல்ட், ஊன்றுகோல். பெல்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், விழுந்தால் உள்ளே தண்ணீர் சரசரவென நிறைவதைத் தடுப்பது அதுதான். பணத்தைக் காலணியில் போடுங்கள். ஃபெல்ட் (அழுத்திய இழைத் துணி) அடிப்பாகம் பாசிப் பாறையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு அந்நிய உயிரிகளை ஆறு விட்டு ஆறு கடத்துகிறது என்று சில இடங்களில் அதைத் தடை செய்திருக்கிறார்கள், நியூசிலாந்து 2008இலேயே செய்தது. ஆணி பதித்த ரப்பர் அடிப்பாகம் பெரும்பாலான இடங்களில் செல்லும்.

படகு வாங்குவதானால் அதன் விலையோடு பாதியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட், நல்ல துடுப்பு, வண்டி மேல் கட்டும் ராக், பட்டைகள், தள்ளுவண்டி, நீர்புகாப் பை என்று அது போய்க்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் மீன்பிடி கயாக் 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். கடையில் இரண்டு பேர் தூக்கிக் காட்டுவார்கள். வாங்கும் முன் நீங்கள் ஒருவராகவே அதை உங்கள் வண்டி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். தூக்கச் சிரமமான படகு ஆற்றுக்குப் போவது குறைந்துகொண்டே வரும்.

ஆற்றுக்கு 10 முதல் 12 அடி நீளம், மேலே உட்காரும் வகை கயாக் போதும். கவிழ்ந்தாலும் தானாகவே தண்ணீர் வடியும், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். உள்ளே உட்காரும் வகையில் தண்ணீர் நிறைந்துவிட்டால் நடு ஆற்றில் ஒன்றும் செய்ய முடியாது. காலால் மிதிக்கும் பெடல் கயாக்கை விற்பவர்கள் மிகவும் சொல்வார்கள். கை இரண்டும் சும்மா இருக்கும் என்பது உண்மைதான், ஏரிக்கு அருமையானது. ஆனால் அதன் விசிறியோ துடுப்போ படகுக்கு அடியில் ஏறத்தாழ அரை மீட்டர் வரை தொங்கும், கல் நிறைந்த ஆற்றில் அது முதலில் அடிபடும். அதில் போகும் பணத்தில் சாதாரண கயாக்கும் முழு வேடர்ஸும் வாங்கி மிச்சமும் இருக்கும்.

பழைய படகு என்றால் தயங்க வேண்டாம், ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் வடியும் துளைகளின் விளிம்பில் மயிரிழை விரிசல், பின்முனை தேய்ந்து மெலிந்திருப்பது, இருக்கைக்கு அடியில் குழி விழுந்திருப்பது இவை மூன்றும் முக்கியம். மேலே உள்ள கீறல்களுக்காகப் படகை ஒதுக்க வேண்டாம்.

5. தூண்டில் இல்லாமல் முதல் நாள்

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், முடிந்தால் கயாக் ஒரு நாள், கனூ ஒரு நாள். தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இடுப்பளவு, ஓட்டமில்லாத தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து மறுபடி ஏறுங்கள். முதல் முறை வயிற்றால் குப்புற ஏறி, புரண்டு, உட்கார்ந்து என்று நேரம் எடுக்கும். சலிக்காமல் வரும்வரை செய்யுங்கள். அப்புறம் லேசான ஓட்டத்தில் பாறைக்குப் பின்னால் உள்ள எதிரோட்டத்துக்குள் படகை நுழைத்து நிறுத்திப் பழகுங்கள். இந்த ஒரு வித்தை வந்துவிட்டால் நங்கூரம் தேவைப்படாது, அந்த இடத்திலிருந்தே ஓட்டத்தின் விளிம்பில் வீசலாம். மீன் நிற்பதும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான்.

துடுப்பின் நீளம் 240 முதல் 260 சென்டிமீட்டர் வரை பாருங்கள், மீன்பிடி கயாக் அகலமானது, குட்டைத் துடுப்பு பக்கத்திலேயே இடிக்கும்.

6. படகைக் கட்டி அமைக்கும்போது

குறைவாகக் கட்டுங்கள். இரண்டு தூண்டில், ஒரு சிறு பெட்டி, ஒரு வலை. தூண்டில் தாங்கிகள் உங்கள் பின்னால் இருக்கட்டும், முன்னால் நட்டால் தாழ்ந்த கிளை வரும்போது முதலில் மாட்டுவது தூண்டில்தான்.

நங்கூரம் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன்: ஓடும் ஆற்றில் புதியவர்கள் போட வேண்டாம். படகின் பக்கவாட்டில் கயிறு இறுகினால் ஓட்டம் அந்தப் பக்கத்தைக் கீழே அழுத்தும், சில வினாடியில் கவிழ்ந்துவிடும். பழகிய பிறகு போடுவதானாலும் முனையிலிருந்து மட்டும், இழுத்தால் உடனே விடுபடும் முடிச்சோடு. லைஃப் ஜாக்கெட்டின் மார்பில் ஒரு கத்தி இருக்கட்டும், ஒரு கையால் உருவ முடிகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். உங்கள் உடம்போடு எந்தக் கயிற்றையும் கட்டாதீர்கள், துடுப்புக் கயிறு உட்பட.

லைஃப் ஜாக்கெட் மெத்தை வகையாக இருக்கட்டும், ஊதிப் பெருகும் வகை ஆற்றுக்கு ஏற்றதல்ல. முதுகுப்பக்கம் மெத்தை உயரமாக உள்ளதை எடுத்தால் கயாக் இருக்கையோடு முட்டாது. இறங்கி நிற்கும்போதும் அதைக் கழற்ற வேண்டாம்.

7. நாளும் நேரமும் குறிப்பது

ஆற்றோட்டத்தோடு இறங்குகிற பயணத்துக்கு இரண்டு வண்டி வேண்டும், ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரே வண்டி என்றால் கீழ்முனையில் ஒரு சைக்கிளைப் பூட்டி வையுங்கள். சாவியைப் படகில் போகும் பையில், நீர்புகா உறையில் வைத்து, பையைப் படகோடு கட்டுங்கள். தூரம் கணக்கிடும்போது வெறுமனே மிதந்தால் ஆகும் நேரத்தைப் பார்க்காதீர்கள். நிறுத்தி, இறங்கி, பிடித்துக்கொண்டே போனால் ஒரு முழு நாளுக்கு எட்டு கிலோமீட்டர் அதிகம், முதல் தடவை ஐந்தே போதும். இருட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையேறும்படி திட்டமிடுங்கள்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் தூரமாகப் போவதை விட்டு, ஓட்டம் மெதுவாக உள்ள பகுதியில் முதலில் எதிர்த்து ஏறி, பிடித்துக்கொண்டே இறங்கி வாருங்கள். வண்டிப் பிரச்சினை இல்லை, களைத்த பிறகு ஆறு உங்களை வண்டியிடமே கொண்டுவந்து சேர்க்கும்.

முந்தைய நாளே நீர்மட்டத்தைப் பாருங்கள். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கலாம், மேல்பகுதியில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து வரும். இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அவ்வப்போது பாருங்கள். குச்சி முழுகத் தொடங்கினால், தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மீன் எவ்வளவு கடித்தாலும் மேலேறிவிடுங்கள்.

எங்கே இறங்குகிறீர்கள், எங்கே ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேட வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

8. தண்ணீரில் விழுந்தால்

ஓட்டம் அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும்வரை நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டினால் ஓட்டம் உங்களை முன்னால் தள்ளிக் குப்புற அழுத்திவிடும். மல்லாந்து படுத்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் மேலே தூக்கி வைத்து, கையால் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். வேடர்ஸில் நிறைந்த தண்ணீர் உங்களை மூழ்கடிக்காது, வெளியே இருக்கும் தண்ணீரின் எடைதான் அதற்கும். கரையேறும்போதுதான் கனக்கும், அப்போது தவழ்ந்து ஏறுங்கள்.

படகு குறுக்காகப் பாறையில் மோதப் போனால் உடம்பு தன்னாலே பாறையை விட்டு விலகிச் சாயும், அதுதான் படகைக் கவிழ்க்கும். பாறையை நோக்கிச் சாயுங்கள், கையை அதன்மேல் வைத்துத் தள்ளுங்கள். விழுந்த மரம் என்றால் இது பொருந்தாது. கிளைகளுக்கு இடையே தண்ணீர் போகும், நீங்கள் போக மாட்டீர்கள். தூரத்தில் பார்த்ததுமே எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிட வேண்டும்.

உடையைக் காற்றின் வெப்பத்துக்கு ஏற்பப் போடாதீர்கள், தண்ணீரின் குளிருக்கு ஏற்பப் போடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு திணறும், கட்டுப்படுத்தவே முடியாது. அந்த நிமிடத்தில் நீந்த முயலாமல், லைஃப் ஜாக்கெட்டை நம்பி முகத்தை மேலே வைத்திருங்கள், மூச்சு சீரானதும் மற்றதைப் பாருங்கள். பருத்தித் துணி ஈரமானால் குளிரைத்தான் கொடுக்கும். மாற்றுடை ஒன்று கீழ்முனை வண்டியில் இருக்கட்டும்.

9. திரும்பி வந்ததும்

படகையும் காலணியையும் வேடர்ஸையும் ஆற்றோரமே ஒட்டிய செடி, சேறு போகக் கழுவுங்கள், படகுக்குள் தேங்கிய தண்ணீரை அங்கேயே வடித்துவிடுங்கள். வண்டி மேல் கட்டும்போது பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் அதிராது, முன்முனையையும் பின்முனையையும் தனியாகக் கட்டுங்கள். வெயிலில் பட்டையை அதிகம் இறுக்கி விட்டுவைத்தால் பிளாஸ்டிக் குழி விழுந்துவிடும், வீடு வந்ததும் தளர்த்துங்கள். அடுத்த வாரம் வேறொரு ஆற்றுக்குப் போவதாக இருந்தால் எல்லாம் முழுதாகக் காய வேண்டும். காலணியின் உள்மெத்தையைக் கழற்றித் தனியாகக் காயவையுங்கள், ஈரம் கடைசிவரை தங்குவது அங்கேதான்.